மறக்கப்பட்ட தொடர்களும் மறவாத இரசிகர்களும்

ஒரு கலை முதிர்ச்சி எய்திவிட்டதா என்பதை அறிதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அக்கலையில் நாளை வெளிவரவிருப்பது யாது என்று மட்டும் வினவாது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்தது இன்று எங்கே என்று வினவுவோரும் தோன்றிவிட்டனராயின், அக்கலை குழந்தைப் பருவத்தைக் கடந்துவிட்டது எனக் கொள்ளலாம். வீடியோ விளையாட்டு என்னும் துறை இன்று அந்நிலையை எய்தியுள்ளது. அத்துறையின் இரசிகர்கள் புதிய வெளியீடுகளை எதிர்நோக்குவது போன்றே, கைவிடப்பட்ட பழைய தொடர்கள் மீண்டும் தளிர்க்குமா என்றும் ஏங்கி நிற்கின்றனர். அவ்வேக்கம் எத்தகையது, அதில் நியாயம் உண்டா, அதனை எவ்வழியிற் செலுத்தினாற் பயன் விளையும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

விழா மலரொன்றில் இப்பொருளுக்கு இடமுண்டோ என்று பழைய மாணவருள் மூத்தோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். விளையாட்டில் மூழ்கிப் பாடத்தைக் கைவிடும் மாணவர் உளர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், நாவலும் திரைப்படமும் தத்தம் தொடக்க காலத்தில் இவ்வாறே பழிக்கப்பட்டன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஓவியமும் இசையும் கதையும் பொறியியலும் ஒருங்கே கூடி உருவாவது இக்கலை. எமது மாணவருட் பலர் நாள்தோறும் ஈடுபடும் ஒன்றைப் பற்றி அறிவோடு பேசாது ஒதுக்கிவிடுதல் கல்விக்கூடமொன்றிற்கு அழகன்று. மேலும், சென்ற ஆண்டுகளை மறவாதிருத்தற்கென்றே மலர் வெளியிடும் நமக்கு, பழையதைப் பேணுதல் பற்றிய வினா புறம்பானதும் அன்று.

முதலிற் புதிய வெளியீடுகளின் ஆரவாரத்தை நோக்குவோம். 2025ஆம் ஆண்டு இத்துறையில் ஆரவாரம் மிகுந்த ஆண்டு. யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ, சுவிட்ச் 2 என்னும் தன் புதிய கருவியை யூன் 5ஆம் நாள் வெளியிட்டது. முதல் நான்கு நாட்களில் மட்டும் 35 இலட்சத்திற்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்துச் சிறு குழுவொன்று ஆக்கிய 'ஹொலோ நைட்: சில்க்சோங்' செப்டெம்பர் 4ஆம் நாள் வெளிவந்தபொழுது, வாங்க முண்டியடித்தோரின் தொகையைத் தாங்கமாட்டாது பெரிய இணையக் கடைகள் சில சிறிது நேரம் செயலற்று நின்றன. 2019இல் அறிவிக்கப்பட்ட அவ்விளையாட்டுக்காக இரசிகர் ஆறரை ஆண்டு காத்திருந்தனர். 2017இல் அறிவிக்கப்பட்டு, அதுவரை செய்த வேலை போதிய தரம் எய்தவில்லை என்று 2019 சனவரியில் மீண்டும் அடியிலிருந்து தொடங்கப்பட்ட 'மெட்ரொயிட் பிரைம் 4' டிசெம்பர் 4ஆம் நாள் வெளிவந்தது. அதற்கும் முந்திய பாகத்திற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இவ்வாறு காத்திருந்தோர்க்குக் காத்திருந்தது கிட்டியதைக் கண்ட ஏனைய தொடர்களின் இரசிகர்கள், எமது முறை எப்பொழுது என்று கேட்பது இயல்பே.

நல்ல தொடரொன்று ஏன் கைவிடப்படுகின்றது? காரணங்கள் பல; அவற்றுள் முதன்மையானவை மூன்று. பெரிய விளையாட்டொன்றை ஆக்குதற்கு இன்று நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கவேண்டியிருத்தலின், நிறுவனங்கள் தம் தேர்ந்த தொழிலாளரை விற்பனை உறுதியான தொடர்களுக்கே ஒதுக்குகின்றன என்பது ஒன்று. ஒரு தொடரை உருவாக்கிய ஆசிரியரும் பொறியியலாளரும் விலகிச் செல்ல, அதன் உயிர்நிலையை அறிந்தோர் எவரும் எஞ்சாது போதல் மற்றொன்று. ஒரு நாட்டில் வெளிவந்த விளையாட்டு பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்படாமையால் அந்நாட்டின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுதல் மூன்றாவது. இம்மூன்றினுள் எதுவும் அத்தொடரின் தகுதிக் குறைவைக் காட்டுவதன்று என்பது கருதத்தக்கது.

எஃப்-சீரோ என்னும் பந்தயத் தொடர் இதற்குத் தக்க சான்று. நின்டெண்டோவின் சூப்பர் ஃபமிகொம் கருவி யப்பானில் வெளிவந்த 1990 நவம்பர் 21ஆம் நாளே அதன் முதற் பாகமும் வெளிவந்தது. தட்டையான படமொன்றைச் சுழற்றியும் சரித்தும் நீண்ட பாதை போலக் காட்டும் அக்கருவியின் ஆற்றலை உலகிற்கு உணர்த்திய விளையாட்டு அது. 1998இல் வந்த பாகத்தில் முப்பது வண்டிகள் ஒரே பாதையிற் பாய்ந்தன. 2003இல், ஒரு காலத்திற் போட்டி நிறுவனமாயிருந்த சேகாவின் பொறியியலாளர் கைவண்ணத்தில் 'எஃப்-சீரோ ஜீஎக்ஸ்' உருவாயிற்று. வேகத்திலும் கடினத்திலும் அதனை விஞ்சுவது அரிது என்பது பந்தய விளையாட்டுப் பிரியர் பலரின் கருத்து. 2004இல் யப்பானில் மட்டும் மற்றொரு பாகம் வெளிவந்தது. அதன் பின்னர்ப் பத்தொன்பது ஆண்டுகள் புதிய பாகம் எதுவும் வரவில்லை. இடைக்காலத்தில் இத்தொடரின் நாயகனாகிய கப்டன் ஃபல்கன், பல தொடர்களின் மாந்தர் ஒருங்கே மோதும் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்னும் விளையாட்டில் மட்டும் உயிர் வாழ்ந்தான். அவன் கைக்குத்தை அறிந்த இளைஞருட் பலர், அவன் ஒரு வண்டியோட்டி என்பதையே அறியார். 2023 செப்டெம்பரில், தொண்ணூற்றொன்பது பேர் இணையவழி ஒருங்கே ஓடும் 'எஃப்-சீரோ 99' வெளிவந்தது. அது புதிய பாகமா, பழையதன் மறுகோலமா என்பது பற்றி இரசிகர் மத்தியில் இன்னும் வாதம் உண்டு.

இதற்கு மாறாக, விளிம்புவரை சென்று மீண்ட தொடர் ஃபயர் எம்பிளம். சதுரங்கம் போன்ற களத்திற் படைவீரரை நகர்த்திப் போர் புரியும் இத்தொடர் 1990இல் யப்பானில் தோன்றியது. பதின்மூன்று ஆண்டுகள் அந்நாட்டை விட்டு வெளியேறவில்லை. 2001இல் வந்த 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' விளையாட்டில் இதன் வாள்வீரர் இருவர் தோன்ற, இவர்கள் யாவர் என்று மேலைநாட்டு இளைஞர் வினவத் தொடங்கினர். அவ்வினாவின் பயனாகவே 2003இல் இத்தொடரின் ஒரு பாகம் முதன்முதலாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னர் விற்பனை குன்றிற்று. 2012இல் வந்த 'அவேக்கனிங்' என்னும் பாகம் இரண்டரை இலட்சம் பிரதிகளேனும் விற்பனையாகாவிடின் தொடர் அத்துடன் முடிவுறும் என்ற நிலை இருந்ததை அதனை ஆக்கியோரே பின்னர் வெளியிட்டனர். அப்பாகமோ இருபது இலட்சத்திற்கு மேல் விற்பனையாகித் தொடரை நிலைநிறுத்தியது. களத்தில் வீழ்ந்த வீரன் மீளான் என்ற பழைய விதியை விரும்பினாற் தளர்த்தி ஆடலாம் என்று புதியவர்க்கு வாயிலைத் திறந்துவிட்டமை அவ்வெற்றிக்குத் துணைசெய்தது.

இத்தகைய எடுத்துக்காட்டுகளைக் கண்டே ஒவ்வொரு தொடரின் இரசிகரும் "அடுத்த பாகம் வேண்டும்" என்று குரல் எழுப்புகின்றனர். நிறுவனங்கள் தம் புதிய வெளியீடுகளை அறிவிக்கும் நாள் வரும்பொழுதெல்லாம் தம் தொடரின் பெயர் வரும் வரும் என்று விழித்திருந்து, வாராமை கண்டு மனம் சோர்கின்றனர். அவர்களது அன்பை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அவர்கள் முதலிற் கேட்கவேண்டியது அடுத்த பாகத்தை அன்று என்பதே எமது துணிபு. முதலிற் கேட்கவேண்டியது, ஏற்கெனவே ஆக்கப்பட்ட பாகங்கள் விரும்பியோர் எவரும் நேர்மையான வழியிற் பெற்று ஆடத்தக்கவாறு நிலைபெறுதலை. அடுத்த பாகம் என்பது ஒரு நிறுவனத்தின் முதலீடு. அதனை அளிப்பதும் அளியாததும் அந்நிறுவனத்தின் விருப்பம். பழைய பாகமோ ஏலவே உலகிற்கு வழங்கப்பட்டுவிட்ட ஆக்கம். அதனை மறைந்துபோக விடுதற்குத் தக்க காரணம் எவரிடமும் இல்லை.

எமது துணிபுக்கு மதர் என்னும் தொடரைக் காட்டாகக் கொள்வோம். விளம்பர வாசகங்களும் கட்டுரைகளும் எழுதிப் புகழ்பெற்ற ஷிகேசாத்தோ இத்தோய் என்னும் யப்பானிய எழுத்தாளர் ஆக்கிய தொடர் இது. வாளேந்திய வீரரும் பறவைநாகங்களும் நிறைந்த கற்பனை உலகங்களே மலிந்திருந்த காலத்தில், அடிபந்துக் கட்டையை ஆயுதமாக ஏந்திய சாதாரணச் சிறுவனொருவனை நாயகனாக்கிய புதுமை இதனுடையது. முதற்பாகம் 1989இல் வெளிவந்தது. 1994இல் யப்பானிலும் 1995இல் 'ஏர்த்பவுண்ட்' என்ற பெயருடன் அமெரிக்காவிலும் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அமெரிக்காவில் அதற்கு உரிய வரவேற்புக் கிட்டவில்லை. மூன்றாம் பாகம் ஒருமுறை கைவிடப்பட்டு, மீண்டும் எடுக்கப்பட்டு, 2006 ஏப்பிரிலில் யப்பானில் மட்டும் வெளியிடப்பட்டது. தாயை இழந்த இரட்டைச் சகோதரரின் கதை அது. பணம் என்பதையே அறியாத சிற்றூரொன்றில் பணமும் ஆசையும் புகுந்து உறவுகளைக் குலைப்பதையும் அது சித்திரிக்கின்றது. அதன் உருக்கத்தை அறிந்த அமெரிக்க இரசிகர் ஆங்கிலப் பதிப்பை வேண்டிக் கையொப்பமிட்டனர், கடிதம் எழுதினர், பயனில்லை.

பயனில்லை என்று கண்டபின் அவர்கள் செய்த செயலே போற்றத்தக்கது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளராகிய கிளைட் மண்டெலினைத் தலைமையாகக் கொண்ட இரசிகர் குழுவொன்று அவ்விளையாட்டின் உரையாடல் அனைத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து, 2008 ஒக்ரோபரில் எவ்வித ஊதியமுமின்றி வெளியிட்டது. மூல விளையாட்டைச் சேர்க்காது, அதனுடன் இணைத்துக்கொள்ளத்தக்க மொழிபெயர்ப்பை மட்டுமே அவர்கள் வழங்கினர். அம்மொழிபெயர்ப்பை நிறுவனம் விலையின்றியே எடுத்துக்கொள்ளலாம் என்று மண்டெலின் 2013இல் அறிவிக்கவும் செய்தார். 2024 பெப்ரவரியில் நின்டெண்டோ தன் சந்தா நூலகத்தில் மூன்றாம் பாகத்தைச் சேர்த்தபொழுதும், யப்பானியருக்கு மட்டுமே சேர்த்தது.

இத்தொடருக்கு நான்காம் பாகம் வரவில்லை. ஆயின் அதன் மரபு அற்றுப்போயிற்றா? இல்லை. 'ஏர்த்பவுண்ட்' இரசிகர் கூட்டத்தினிடையே வளர்ந்த டோபி ஃபொக்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், 2015இல் 'அண்டர்டேல்' என்ற விளையாட்டைப் பெரும்பாலும் தனியராகவே ஆக்கி வெளியிட்டார். எதிரியைக் கொல்லாது பேசியும் இரங்கியும் வெல்லலாம் என்ற அதன் புதுமை உலகெங்கும் பேசப்பட்டது. நிறுவனம் தராத வழித்தோன்றலை, பழைய பாகத்தைத் தேடி ஆடிய ஓர் இரசிகர் தந்தார். அப்பழைய பாகம் அவர் கைக்கு எட்டாதிருந்தால், இப்புதிய ஆக்கம் தோன்றியிருக்குமோ?

இவ்வுண்மையை மேலும் சில தொடர்களிலும் காணலாம். 1996இல் யப்பானில் தோன்றிய 'ஹார்வெஸ்ட் மூன்' என்னும் கமத்தொழில் விளையாட்டில் மனம் தோய்ந்த எரிக் பரோன், நான்காண்டுக்கு மேல் தனித்து உழைத்து 2016இல் 'ஸ்டார்டியூ வலி'யை வெளியிட்டார். 2024ஆம் ஆண்டின் இறுதிக்குள் அது நான்கு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. மூலத் தொடர் எக்காலத்தும் எட்டாத பரப்பை அதன் மாணாக்கன் எட்டினான். 'காசில்வேனியா' தொடரை நெடுங்காலம் நடத்திய கோஜி இகராஷி 2014இல் கொனாமி நிறுவனத்தை விட்டு விலகினார். அடுத்த ஆண்டில் இரசிகரிடம் நேரே முற்பணம் திரட்டினார். ஐம்பத்தைந்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2019இல் 'பிளட்ஸ்டெயின்ட்' என்ற வேறு பெயருடன் அதே மரபு தொடர்ந்தது. தொடரின் பெயர் நிறுவனத்திற்கு உரியது. அதன் நெறியோ கற்றோர் யாவர்க்கும் உரியது. கற்றற்கு மூலம் இருத்தல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

மூலங்களின் நிலையோ கவலைக்கிடமானது. கலிபோர்ணியாவில் இயங்கும் வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 பங்கு இன்று எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. எஞ்சிய 13 பங்கினையே நேரிய வழியிற் பெறலாம். மற்றவற்றை ஆட விரும்புவோர் பழைய கருவியையும் பழைய கார்ட்ரிட்ஜையும் பெரும்பொருள் கொடுத்துச் சேகரிப்பாளரிடம் வாங்கவேண்டும். அன்றேல் களவுப் பிரதியை நாடவேண்டும். அதே ஆண்டு மார்ச் 27ஆம் நாள், நின்டெண்டோ தன் 3டீஎஸ், வீ யூ ஆகிய இரு கருவிகளின் இணையக் கடைகளையும் மூடிற்று. அக்கடைகளில் மட்டுமே விற்கப்பட்ட விளையாட்டுகளைப் புதிதாக வாங்கும் வழி அன்றோடு அடைபட்டது.

மறதியினால் மறைவது ஒருபுறமிருக்க, வேண்டுமென்றே மறைப்பதும் உண்டு. ஃபயர் எம்பிளம் தொடரின் 1990ஆம் ஆண்டுப் பாகம் முப்பதாண்டு நிறைவை முன்னிட்டு 2020 டிசெம்பரில் முதன்முறையாக ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. முப்பது ஆண்டுகள் காத்திருந்தோர் மகிழ்ந்தனர். ஆனால் 2021 மார்ச் 31ஆம் நாளுடன் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. தேய்ந்து அழியும் பண்டமா அது? இடம் பிடிக்கும் சரக்கா? ஆண்டு நிறைவைக் கொண்டாட வெளியிட்ட ஒன்றை நான்கு மாதத்தில் மீண்டும் பூட்டிவைப்பது, விருந்துக்கு அழைத்து இலை போட்டபின் கறியை எடுத்துச் செல்வது போன்றதன்றோ.

விற்ற பொருளையே மீட்டுக்கொள்ளும் விந்தையும் நிகழ்ந்துள்ளது. யூபிசொஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'த குரூ' என்னும் வண்டியோட்ட விளையாட்டு, நிறுவனத்தின் கணினிகளுடன் இணைந்திருந்தாலன்றி இயங்காது. 2024 மார்ச் 31ஆம் நாள் அக்கணினிகள் நிறுத்தப்பட்டதும், விலை கொடுத்து வாங்கியவர் தனித்து ஆடுதற்கும் வழியற்றுப் போயினர். இதனைக் கண்டித்து ரொஸ் ஸ்கொட் என்பவர் தொடங்கிய இயக்கத்திற்கு ஐரோப்பிய ஒன்றியத்து மக்களிடமிருந்து 2025 யூலை முடிவிற்குள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. எல்லா விளையாட்டையும் என்றென்றும் நடத்துக என்று அவர்கள் கேட்கவில்லை. நடத்துவதை நிறுத்தும்பொழுது, வாங்கியோர் தாமே ஆடிக்கொள்ளத்தக்க நிலையில் விட்டுச்செல்க என்றே கேட்டனர். நியாயமான கோரிக்கை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

நூலகங்கள் இவ்விடத்து உதவமாட்டாவோ எனின், அவற்றின் கையும் கட்டப்பட்டுள்ளது. விற்பனையில் இல்லாத பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர் வீட்டிலிருந்தே பயன்படுத்துதற்கு நூலகங்கள் வழிசெய்ய இடமளிக்குமாறு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் விண்ணப்பிக்கப்பட்டது. 2024 ஒக்ரோபரில் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆய்வுக்கென்று கொடுத்தால் பொழுதுபோக்கிற்குப் பயன்படுத்திவிடுவர் என்பது எதிர்த்தோர் கூறிய அச்சம். நாவலொன்றை இரவல் பெறுவோன் இன்பத்துக்காக வாசித்துவிடுவான் என்று அஞ்சி எந்த நூலகமும் கதவடைத்ததாக நாம் அறியோம்.

எமது மண்ணிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்ததை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். அவர் காலத்திற் பழைய நூல்களுக்குப் பகை கறையானும் நெருப்பும் ஏட்டின் நைவும். இன்றைய விளையாட்டுகளுக்கோ அத்தகைய இயற்கைப் பகையிலும், பூட்டிவைத்துத் திறவாதிருக்கும் மனிதர் முடிவே பெரும் பகையாயுள்ளது. இயற்கையை வெல்வது அரிது. முடிவை மாற்றுவது இயலாததன்று.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் கூறாதொழிதல் நடுநிலையாகாது. தம் உழைப்பின் ஊதியத்தைக் காக்கும் உரிமை அவற்றிற்கு உண்டு. பழைய விளையாட்டைப் புதிய கருவியில் இயங்கச் செய்தற்கும் பணமும் ஆளும் வேண்டும். இசைக்கும் வண்டியின் பெயருக்கும் பெற்ற உரிமங்கள் காலாவதியாகிவிடுதலும் உண்டு. இவையெல்லாம் உண்மையே. ஆயின், தாம் விற்கவும் மாட்டோம், பிறர் பேணவும் விடோம் என்னும் நிலைக்கு இவற்றுள் எதுவும் நியாயமாகாது. அந்நிலை இலாபமும் தருவதன்று. போலந்து நாட்டு இணையக் கடையாகிய கொக், பழைய விளையாட்டுகள் இன்றைய கணினிகளிலும் பழுதின்றி இயங்குமாறு தானே பொறுப்பேற்கும் திட்டமொன்றை 2024 நவம்பரில் தொடங்கியது. நின்டெண்டோவும் 2004இன் யப்பானிய எஃப்-சீரோவை 2024இலும், 'ஜீஎக்ஸ்' பாகத்தைப் புதிய கருவி வந்த 2025 யூனிலும் தன் சந்தா நூலகத்தில் ஏற்றிற்று. இது நல்ல தொடக்கம். ஆயினும் சந்தா என்பது இரவல்; சந்தா நின்றால் ஆட்டமும் நின்றுவிடும். விலைக்கு விற்றுச் சொந்தமாக்கிக்கொள்ள விடுதலே முழுமையான வழி.

இனி, இரசிகர் கடனைக் கூறுவோம். அன்பின் பெயரால் ஆக்கியோரை வைதலும், வெளியீடு தாமதித்தால் மிரட்டலும் இக்கூட்டத்தின் தீராத இழுக்கு. ஒழுங்காகக் கேட்டால் பயன் உண்டு என்பதற்கு 2011ஆம் ஆண்டின் 'ஒப்பரேஷன் ரெயின்ஃபோல்' இயக்கமே சான்று. யப்பானில் வெளிவந்தும் வட அமெரிக்காவிற்கு மறுக்கப்பட்ட மூன்று விளையாட்டுகளுக்காக அவ்வியக்கத்தினர் பண்பான கடிதங்கள் எழுதினர். முன்பதிவு செய்து, வாங்குவோர் உளர் என்பதைக் காட்டினர். 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் மூன்றும் அங்கு வெளிவந்தன. அவற்றுள் ஒன்றான 'செனோபிளேட் குரொனிக்கிள்ஸ்' பெருந்தொடராக வளர்ந்தது. அதன் மூன்றாம் பாகம் 2022இல் உலகெங்கும் ஒரே நாளில் வெளியிடப்பட்டது. அவ்வியக்கத்தினர் கேட்டது புதிய பாகத்தை அன்று, முன்னரே ஆக்கப்பட்ட விளையாட்டுகளுக்கு வாயில் திறத்தலையே என்பதைக் கவனிக்க. வாயில் திறந்தபின் புதிய பாகங்கள் தாமே வந்தன.

புதிய பாகத்தையே குறியாகக் கொண்டால் நேர்வது யாது என்பதற்கு ஷென்மூ தொடர் சான்று. 1999இலும் 2001இலும் வந்த இரு பாகங்களின் பின் கதை பாதியில் நின்றது. 2015இல் மூன்றாம் பாகத்திற்காக 69,000க்கு மேற்பட்டோர் சுமார் 63 இலட்சம் டொலரை முற்பணமாக அளித்தனர். 2019 நவம்பரில் அது வெளிவந்தபொழுது சிலர் கண்ணீர் மல்க வரவேற்றனர். பலர் காலம் கடந்தது என்று கைவிட்டனர். கதையோ அப்பொழுதும் முடிவுறவில்லை. பதினெட்டு ஆண்டு எதிர்பார்ப்பை எந்த ஆக்கத்தினாலும் நிறைவு செய்ய இயலாது. ஆயின் அதே முயற்சியினிடையே 2018இல் முதலிரு பாகங்களும் இக்காலக் கருவிகளுக்கு மறுபடி வெளியிடப்பட்டமையால், புதிய தலைமுறையினர் பலர் அவற்றை முதன்முறை ஆடும் பேறு பெற்றனர். அதுவே நிலைத்த பயன் என்பது எமது எண்ணம்.

எமது மாணவர்க்குக் கூறுவது இதுவே. நீங்கள் நேசிக்கும் தொடர் நேர்மையான வழியில் விலைக்கு வருமாயின், இயன்றபொழுது அவ்வழியிலேயே வாங்குங்கள். விற்பனைக் கணக்கிலும் வலிய விண்ணப்பம் வேறில்லை. அடுத்த பாகம் எப்போது என்று ஆரவாரிப்பதை விடுத்து, பழைய பாகம் ஏன் கிடைப்பதில்லை என்று பண்போடு வினவுங்கள். பிறமொழி கற்போர் மண்டெலின் குழுவினரை நினைவில் இருத்துங்கள். மொழியறிவும் பொறுமையும் ஒரு நாட்டின் கலையை மற்றொரு நாட்டிற்குக் கொண்டு சென்றன. ஒரு தொடர் உங்கள் நெஞ்சைத் தொட்டதாயின், அது தொட்டது எதனால் என்று ஆராய்ந்து, நீங்களே ஒன்றை ஆக்க முயலுங்கள்.

மென்பொருட் பணியிற் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடல் கடந்த நாடுகளிலும் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. விளையாட்டாயினும் வேறெதுவாயினும், நீங்கள் ஆக்கும் ஒன்றிற்குத் தொடக்க நாளிலேயே அதன் இறுதி நாளையும் எண்ணித் திட்டமிடுங்கள். நிறுவனம் கைவிட்ட பின்னரும் வாங்கியவன் அதனைத் திறந்து பயன்கொள்ளத்தக்கவாறு அமையுங்கள். அவ்வாறு அமைந்த ஆக்கத்திற்கு இரசிகர் இருக்கும்வரை அழிவில்லை. கைவிடப்பட்ட தொடர்கள் யாவும் மீண்டும் தளிர்க்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அவற்றின் வேர் வெட்டப்படாதிருக்கப் பார்த்துக்கொள்வது நம் போன்றோர் கையில் உள்ளது.